யார் பேசுவது, யாரிடம் பேசுவது?



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சின்னது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை தானே ஒரு பக்கம் வசனம் எழுத வேண்டும். எழுதியதைத் தானே மேடையில் நின்று இரண்டு நிமிடம் நடித்துக் காட்ட வேண்டும். புத்தகத்தில் இதற்குப் பெயர் தனிமொழி. போட்டிப் பட்டியலில் தனிநடிப்பு. பிள்ளைகள் வாயில் மோனோ ஆக்டிங். பெயர் எதுவானாலும், இதைச் சொல்லிக்கொடுப்பது எப்படி? பெரம்பலூர், அரியலூர் என்ற இந்த இரண்டு மாவட்டங்களின் மண்ணில் நின்றுகொண்டு சொல்லிக்கொடுப்பது எப்படி? அதுதான் இந்த உரையின் பொருள்.

நமக்கெல்லாம் பழக்கமான ஒரு காட்சியிலிருந்து தொடங்கலாம். பள்ளி ஆண்டு விழா. அட்டையில் வெட்டிய வாள். கண்மையில் வரைந்த மீசை. மைக்கைவிட ஒரு சாண் குட்டையான ஒரு பிள்ளை மேடைக்கு வந்து, கட்டபொம்மனாக நின்று, ஜாக்சன் துரையைக் கேள்வி கேட்கிறது. கூட்டம் கைதட்டுகிறது. அப்பா கைப்பேசியில் படம் பிடிக்கிறார். 1959இல் வந்த கட்டபொம்மன் படம், அதற்குச் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வசனம், இன்றும் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நாக்கில் நிற்கிறது. அதற்கு முன்னால் 1952இல் ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சி, 1954இல் ‘மனோகரா’வின் தர்பார் காட்சி, 1956இல் ‘ராஜா ராணி’யில் சிவாஜி கணேசன் மூச்சுவிடாமல் பேசிய சேரன் செங்குட்டுவன். தனியொருவர் நின்று பேசுவதைத் திரையரங்கில் உட்கார்ந்து மனப்பாடம் செய்த மக்கள் நாம். வசனப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த மக்கள் நாம்.

இந்தப் பழக்கத்தைக் குறைசொல்ல வேண்டாம். அந்த வசனங்களைப் பேசிப் பார்த்த பிள்ளைக்கு லகர, ளகர, ழகரம் பிரியும். மூச்சை எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்று தெரியும். கூட்டத்தைக் கண்டு நடுங்கும் கால் கொஞ்சம் நிலைக்கும். அதெல்லாம் லாபம்தான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். மேடையில் கட்டபொம்மன் பேசினார், சிவாஜி பேசினார், சக்தி கிருஷ்ணசாமி பேசினார். அந்தப் பிள்ளை எப்போது பேசியது?

பிள்ளைகளை மேடையேற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிது கிடையாது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாய்ஸ் கம்பெனிகள் என்ற சிறுவர் நாடகக் குழுக்கள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டன. 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவுக்கு ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அந்தக் குழுவில் சேர்ந்தபோது தி. க. சண்முகத்துக்கு வயது ஆறு. பின்னாளில் ஔவை சண்முகம் என்று நாடு அழைத்த அதே சண்முகம்தான். அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை ‘எனது நாடக வாழ்க்கை’ நூலில் அவர் நினைவுகூர்கிறார். இதில் ஓர் ஆசிரியர் கவனிக்க வேண்டியது எது? வேகமா? வேகம் அந்த மேதைக்குரியது. கவனிக்க வேண்டியது, இந்தச் சிறுவனின் குரல் எது, இவன் எவ்வளவு தாங்குவான் என்று பார்த்து, அந்த அளவுக்கு அவர் துணி வெட்டினார் என்பது. ஆனால் அங்கேயும் எழுதியவர் பெரியவர்; சிறுவன் பேசினான். பாடம் தவறினால் பிரம்படி வாங்கினான். இன்று நாம் கேட்பது அதற்கு அடுத்த படி. பேனாவும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

உடனே ஓர் ஐயம் எழும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வசனம் எழுத எந்த இலக்கணத்தைச் சொல்லிக்கொடுப்பது? ஆங்கிலத்தில் ராபர்ட் பிரௌனிங் என்ற கவிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வடிவத்துக்குப் புகழ் சேர்த்தார் என்று கல்லூரியில் படித்திருப்போம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் செய்யுளியலைத் திறந்தால் போதும். செய்யுளின் உறுப்புகள் முப்பத்து நான்கு என்று அது எண்ணுகிறது. அந்தப் பட்டியலின் நடுவே சில பெயர்கள் வருகின்றன. கூற்று. கேட்போர். களன். காலம். பயன். மெய்ப்பாடு. எச்சம்.

யார் பேசுகிறார்? அது கூற்று. யாரிடம்? அது கேட்போர். எங்கே நின்று? அது களன். எந்தப் பொழுதில்? அது காலம். பேசி என்ன கிடைக்க வேண்டும்? அது பயன். உடம்பிலும் முகத்திலும் எது தெரிய வேண்டும்? அது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று அதற்கும் எட்டு வகை சொல்லியிருக்கிறார்கள். எதைச் சொல்லாமல் விட வேண்டும்? அதுதான் எச்சம். உலகத்தின் எந்த நாடகப் பட்டறைக்குப் போனாலும் முதல் நாள் கரும்பலகையில் எழுதும் கேள்விகள் இவைதான். நம் தமிழாசிரியர் இதைப் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கிறார், இலக்கண வினாவுக்கு விடையாக மட்டும்.

குறுந்தொகையைப் பாருங்கள். நானூற்றுச் சொச்சம் பாட்டு. ஒவ்வொன்றின் தலையிலும் யார் யாரிடம் எப்போது சொன்னது என்று ஒரு குறிப்பு இருக்கும். தலைவி தோழிக்குச் சொன்னது. தோழி தலைவனுக்குச் சொன்னது. மகள் போன பின் செவிலி சொன்னது. ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் கேட்கிறார், கேட்பவர் வாய் திறப்பதே இல்லை. இதைத்தானே தனிமொழி என்கிறோம்? ஏழாம் வகுப்பில் ஒரு சங்கப் பாட்டை நடத்தும்போது பொழிப்புரை எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், “நீதான் தோழி, எதிரே நிற்பவன் உன் சிநேகிதியை ஏமாற்றியவன், உன் பேச்சில் சொல்” என்று கேட்டால் வகுப்பறை எப்படி மாறும்!

சரி, வகுப்புக்குள் நுழைவோம். பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையாத ஊரைத் தேட வேண்டும். ஆகவே ஒரு மாணவி வெங்காயத்தைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் என்ன எழுதுவாள்? விவசாயி நாட்டின் முதுகெலும்பு, அவர் சேற்றில் கால் வைத்தால்தான் நாம் சோற்றில் கை வைக்கலாம் என்று எழுதுவாள். தவறு அவள்மேல் இல்லை. கட்டுரை நோட்டில் இதுவரை நாம் டிக் போட்டது இதற்குத்தான். ஆசிரியர் அதை அடித்துத் திருத்த வேண்டாம். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கட்டும். பேசுவது யார்? “பாட்டி.” யாரிடம்? “வெங்காயம் எடுக்க வர்ற வியாபாரிகிட்ட.” எங்கே? “வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்துல.” எப்போது? “மழை வர்ற மாதிரி இருக்கு.” பாட்டிக்கு என்ன வேண்டும்? “நேத்து சொன்ன விலையை இன்னிக்கும் குடுக்கணும்.” எதைச் சொல்ல மாட்டாள்? மாணவி யோசிக்கிறாள். “காசு இன்னிக்கே வேணும்னு சொல்ல மாட்டா. சொன்னா அவரு இன்னும் கொறைப்பாரு.”

இப்போது எழுதச் சொன்னால் என்ன வரும்?

“வாங்க தம்பி. சாக்கு எடுத்துட்டே வந்துட்டீங்களா? உக்காருங்க, தண்ணி குடிங்க. என்னது, நேத்து சொன்ன விலை நேத்தோட போச்சா? ஏந் தம்பி, ஒரு ராத்திரியில வெங்காயம் என்ன சிறுத்தா போச்சு? மழையா? வரட்டுமே. எம் பட்டறை எத்தனை மழை பார்த்திருக்கு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீங்க நாளைக்குக் கூட வரலாம்… எங்க எந்திரிச்சிட்டீங்க? தண்ணிகூட குடிக்கலையே.”

அவ்வளவுதான். முதுகெலும்பும் இல்லை, சேறும் இல்லை. ஆனால் கடைசி வரி வரும்போது அந்தப் பாட்டிக்கு எவ்வளவு அவசரம் என்று அவையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும். அவள் அதைச் சொல்லவே இல்லை. எச்சம் என்று தொல்காப்பியர் பெயர் வைத்தது வேலை செய்கிறது.

இங்கே ஒரு தடையைத் தாண்ட வேண்டும். “போச்சு”, “குடுக்கணும்” என்று எழுதலாமா? நோட்டில் எழுதினால் சிவப்பு மை வராதா? பிள்ளைகள் தயங்குவது இங்கேதான். ஆறு ஆண்டுகளாக, வீட்டுப் பேச்சு நோட்டுக்குள் வரக்கூடாது என்று பழக்கிய பிறகு, திடீரென்று மேடையில் உயிரோடு பேசு என்றால் பிள்ளை எங்கிருந்து பேசும்? பத்திரிகைத் தமிழில் பேசும் பாட்டியை யாரும் நம்ப மாட்டார்கள். எனவே தனிமொழிக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம். அதில் பாத்திரம் பேசுவதைப் போலவே எழுதலாம், அதற்குச் சிவப்பு மை கிடையாது என்று ஆசிரியர் முதல் நாளே வாக்குக் கொடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால், எது பேச்சு, எது எழுத்து என்று இப்படிப் பிரித்துப் பழகும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழும் தெளியும். இரண்டையும் கலந்து குழப்புவது பிரிக்கத் தெரியாதவர்கள்தான்.

அடுத்து, எதைப் பற்றி எழுதுவது? அன்பர்களே, இந்த இரண்டு மாவட்டத்துப் பிள்ளைக்குப் பொருள் பஞ்சமா?

சாத்தனூரில் ஒரு மரம் படுத்திருக்கிறது. பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம். கல்லாகிப்போன மரம். சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். 1940இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார். காரைப் பகுதியின் செம்மண் ஓடைகளில் நடந்தால் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் காலில் தட்டும். அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் 2009இல் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டார்கள். இந்த நிலம் ஒரு காலத்தில் கடல். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. அந்த மரத்தைப் பேசவைக்கச் சொன்னால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் “என் வயது 12 கோடி, என் நீளம் 18 மீட்டர்” என்று தொடங்குவார்கள். அது அருங்காட்சியகப் பலகை. பலகைக்கு ஆசை கிடையாது. பாத்திரத்துக்கு ஓர் ஆசை வேண்டும். மரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு பிள்ளை, ஆடு மேய்க்க வந்தவனைப் பார்த்து அந்த மரம் இப்படிக் கேட்பதாக எழுதக்கூடும்: “தம்பி, நான் சாயறப்ப இங்க கடல் இருந்துச்சு. அது எந்தப் பக்கம் போச்சு?”

சிறுவாச்சூரை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையை எரித்த கண்ணகி அலைந்து வந்து, கோபம் தணிந்து, மதுரகாளியாக அமர்ந்த இடம் அது என்பது அந்த ஊர் நம்பிக்கை. இரவில் வந்து, அங்கே ஏற்கெனவே குடியிருந்த செல்லியம்மனிடம் தங்க இடம் கேட்டாள் என்று கதை சொல்கிறார்கள். பாண்டியன் அவையில் கண்ணகி பேசியதை இளங்கோவடிகள் எழுதிவிட்டார். வழக்குரை காதையின் பக்கத்தில் நாம் போக முடியாது. ஆனால் சிறுவாச்சூர் வாசலில், களைத்துப்போய், ஒரு காலில் மட்டும் சிலம்போடு வந்தவளாகக் கற்பனை செய்தால், ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டு அவள் என்ன பேசியிருப்பாள்? ஒரு நகரத்தையே எரித்தவள் திண்ணையில் இடம் கேட்கும்போது குரல் எப்படி இருக்கும்? இதை யாரும் எழுதவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைதான் எழுத வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ராஜேந்திரனாகிவிடுவார்கள். அட்டை வாள் மறுபடி வந்துவிடும். கங்கையிலிருந்து சோழகங்கம் ஏரி வரை நீர்க்குடம் சுமந்து வந்தவர்களில் ஒருவனாக நில் என்று சொல்லுங்கள். தோள் எந்தப் பக்கம் வலிக்கும்? தாகம் எடுத்தால் அந்த நீரைக் குடிக்கலாமா?

இன்னொரு பொருளும் இருக்கிறது. அதைத் தொட நிதானம் வேண்டும். 1956 நவம்பர் 23. விடியாத நேரம். பெரு மழை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த விரைவு ரயில், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சாஸ்திரியின் பதவி விலகல் பொது அறிவுப் புத்தகங்களில் இருக்கிறது. அந்த ரயிலுக்காகக் காத்திருந்தவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் உருவானது 2007இல், அதே நவம்பர் 23ஆம் தேதி. மாவட்டம் மறுபடி பிறந்த நாளும் ஊர் அழுத நாளும் ஒரே தேதியில் வருவதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இதைத் தனிமொழியாக எழுதச் சொன்னால் பிள்ளைகள் நேரே பாலத்துக்குப் போவார்கள். அலறல், ரத்தம், “ஐயோ அம்மா” என்று எழுதுவார்கள். அங்கே போக விடாதீர்கள். திருச்சி ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஓர் அம்மா நிற்கிறாள். மகன் அந்த வண்டியில் வருகிறான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் போர்ட்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

“மழைனால லேட்டாம்ல? லேட்டானா என்னங்க, வந்தா சரி. இட்லி கட்டியாந்தேன், ஆறிப்போச்சு. அவன் ஆறினதத் திங்க மாட்டான். இந்தா பாருங்க, மடியில வெச்சிருக்கேன், சூடு கொஞ்சம் இருக்கு. வண்டி சத்தம் கேக்குதா? எனக்குக் கேக்குற மாதிரி இருக்கு.”

அவையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த இடைவெளிதான் நாடகம். உலகம் முழுக்கப் பெரிய நாடக ஆசிரியர்கள் கையாண்ட உத்தி இது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும். ஒன்றை மட்டும் சொல்லிவைக்க வேண்டும்: உண்மையில் இறந்தவர் எவருடைய பெயரையும் வைக்கக் கூடாது. ஊரில் அந்த நாளை நினைவு வைத்திருக்கும் மூத்தவர்கள் இருந்தால், எழுதுவதற்கு முன் பிள்ளை போய் உட்கார்ந்து கேட்டு வரட்டும்.

எழுதியாயிற்று. இனி நடிப்பது. அவையில் இருக்கும் ஆசிரியர்கள் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். “நாங்கள் நடிகர்களா? எங்களுக்கே தெரியாததை எப்படிச் சொல்லித்தருவது?” நடித்துக் காட்ட வேண்டாம், ஐயா. நடித்துக் காட்டினால் முப்பது பிள்ளைகளும் உங்களைப் போலவே செய்வார்கள். மூன்று காரியம் போதும்.

கேட்பவருக்கு ஓர் இடம் கொடுங்கள். வியாபாரி எங்கே உட்கார்ந்திருக்கிறார்? வலப்பக்கம், கீழே, சாக்கின்மேல். அங்கே ஒரு நாற்காலியைப் போடுங்கள். பிள்ளை அந்த நாற்காலியிடம் பேசட்டும். ஒத்திகை பழகிய பிறகு நாற்காலியை எடுத்துவிடுங்கள். கண் அங்கேயே போகும். தனிநடிப்பில் பார்ப்பவர்கள் நம்புவது பேசுகிறவரை அல்ல, அவர் பார்க்கும் காலி இடத்தை. அடுத்து, கைக்கு ஒரு வேலை கொடுங்கள். வெங்காயத் தாளை அரிவது, முந்தானையை முடிவது, இட்லிப் பொட்டலத்தை மடியில் மாற்றி மாற்றி வைப்பது. கைக்கு வேலை இருந்தால் கைகளை என்ன செய்வது என்ற பயம் போய்விடும். குரலும் தானாக இறங்கிவரும். மூன்றாவது, ஓர் இடத்தில் மௌனம் வையுங்கள். ஒரே ஓர் இடம். மனதுக்குள் மூன்று எண்ணட்டும். கட்டபொம்மனைப் பேசிய பிள்ளைக்கு இது மிகக் கடினம். முழங்கிப் பழகிய வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதனால்தான் இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

மனப்பாடம்? தான் எழுதியதை மறக்கும் பிள்ளை குறைவு. மறந்தாலும், அந்தப் பாட்டிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருப்பதால், இல்லாத ஒரு வரியை இட்டுக்கட்டிப் பேசிச் சமாளித்துவிடும். அந்த இட்டுக்கட்டிய வரியே சில நேரம் எழுதியதைவிட நன்றாக இருக்கும். அதை நோட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூச்சப்படும் பிள்ளையை மறக்கக் கூடாது. எல்லா வகுப்பிலும் கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை இருக்கும். பெயர் கூப்பிட்டால் “உள்ளேன்” என்பதைத் தவிர வேறு சொல் வராது. அதை மேடைக்கு இழுக்காதீர்கள். எழுதட்டும், இன்னொருவர் நடிக்கட்டும். தன் வரிக்கு வகுப்பு சிரிப்பதை, வகுப்பு அடங்குவதை அது பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கட்டும். சொல்லுக்கு இருக்கும் பலம் என்ன என்று அந்த நிமிடம் அதற்குப் புரியும். மேடைக்கு அது தானாக எழுந்து வரும் நாளுக்கு ஆசிரியர் காத்திருக்கலாம்.

இதெல்லாம் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆடம்பரம் என்று யாரேனும் நினைத்தால், இலங்கையைப் பாருங்கள். அங்கே ‘நாடகமும் அரங்கியலும்’ பள்ளிப் பாடம். பொதுத் தேர்வில் எழுதும் பாடம். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிச் சிறுவர்களுக்கென்றே நாடகங்கள் எழுதினார். போர் நடந்த மண்ணில் பிள்ளைகள் விளையாடிப் பேச ஓர் அரங்கை விட்டுச்சென்றார். இங்கே, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சே. இராமானுஜம் சிறுவர் அரங்கைக் கற்பிக்கும் துறையாகவே மதித்தார். புதுச்சேரியில் வேலு சரவணன் ‘கடல் பூதம்’ போன்ற நாடகங்களைப் பள்ளி முற்றங்களுக்கே கொண்டுபோனார். வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

வாய்ப்பும் இருக்கிறது. 2022–23ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிறது. முதல் ஆண்டிலிருந்தே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தனிப் பிரிவு உண்டு. கலையரசன், கலையரசி என்று பட்டம் தருகிறார்கள். இந்த மேடை கையில் இருக்கும்போது, அறுபது, எழுபது ஆண்டுக்கு முந்தைய வசனங்களையே மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பது சரியா? நடுவராக அமரும் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். பிள்ளை தானே எழுதிய வசனத்துக்கு, குரல் கொஞ்சம் தடுமாறினாலும், மனப்பாட முழக்கத்தைவிட மதிப்பு அதிகம் என்பதை முதலில் தமக்குள் முடிவு செய்துகொள்ளலாம்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். நாளை பள்ளிக்குப் போனதும் ஒரு வகுப்பில், ஒரு பாடவேளை மட்டும், கரும்பலகையில் அந்த ஏழு சொற்களை எழுதுங்கள்: கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம். ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். வீட்டில் பிள்ளை பாட்டியிடமோ தாத்தாவிடமோ கதை கேட்க வந்தால், பெற்றோர்களே, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அதற்கு இடம் கொடுங்கள். அடுத்த முறை ஆண்டு விழாவிலோ கலைத்திருவிழாவிலோ ஒரு பிள்ளை மேடையேறும்போது, நடிப்பவர் என்று யார் பெயரை அறிவிக்கிறீர்களோ, எழுதியவர் என்றும் அதே பெயரை அறிவியுங்கள்.